கொடி என்றால் சுற்றத்தான் செய்யும்

1

என் தங்கச்சி மகளுக்கு வருகிற வெள்ளிக்கிழமை ஒரு வயது நிறைகிறது. முறைக்கு எனக்கு மருமகள். இன்னும் நான் அவளைத் தொட்டதில்லை. அவள் முகத்தை முதன்முதலாக நான் பார்த்தது ஒரு தட்டு நல்லெண்ணெயில். அதைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத உட்கார்ந்தால் வேறு பலதும் கூடவே வருகிறது. எனக்குப் பத்தாம் வகுப்புவரைதான் படிப்பு. முன்னுக்குப் பின் இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்குச் சொந்த ஊர் ஆத்தூர். வெற்றிலை வாங்கியவர்களுக்கு எங்கள் ஊரைத் தெரியும். அப்பா கொடிக்கால் வைத்திருந்தார். நான் சின்ன வயதில் செய்த வேலையெல்லாம் அகத்திச் செடியில் வெற்றிலைக் கொடியை ஏற்றி வாழைநாரால் கட்டுவதுதான். இப்போது இங்கிலாந்தின் நடுப்பகுதியில், கடல் எந்தத் திசையிலும் தெரியாத ஒரு ஊரில் பன்னிரண்டு வருடமாக இருக்கிறோம். என் வீட்டுக்காரி நர்ஸ். அவளுக்கு வேலை கிடைத்து, அவளுடைய விசாவின் வாலைப் பிடித்துக்கொண்டு நானும் வந்தேன். இங்கே வரும் கடிதங்களில் என் பெயருக்குப் பக்கத்தில் 'சார்ந்திருப்பவர்' என்றுதான் ரொம்ப நாள் இருந்தது. அந்தச் சொல்லைப் பார்த்துப் பார்த்து, அகத்தியைச் சார்ந்த கொடிதானே நாமும் என்று சமாதானம் செய்துகொள்வேன்.

2

கடைத்தெருவில் ஒரு தனியார் ஸ்கேன் கிளினிக்கில் எனக்கு வேலை. கர்ப்பிணிப் பெண்களுக்கு மட்டும் ஸ்கேன் எடுக்கும் இடம். ஒருவர் எழுந்து போனதும் கட்டிலின் காகித விரிப்பைக் கிழித்துப் புதிது இழுத்துவிட வேண்டும். வழவழவென்று வயிற்றில் தடவும் ஜெல் கீழே சிந்தியிருந்தால் துடைக்க வேண்டும். கதவுப் பிடி, நாற்காலிக் கை, எல்லாவற்றையும் மருந்து போட்டுத் துடைக்க வேண்டும். வயிற்றின்மேல் வைக்கும் கருவியை மட்டும் நான் தொடக் கூடாது. அதை ஸ்கேன் எடுக்கும் அம்மாவே ஒவ்வொரு முறையும் துடைத்து, துடைத்த நேரத்தைச் சுவரில் தொங்கும் தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவாள். அவள் பெயர் ஹெலன். ஐம்பது வயதிருக்கும்.

துடைப்பது போக இன்னொரு வேலையும் எனக்கு உண்டு. பலூன் ஊதுவது.

நம் ஊர் ஸ்கேன் சென்டர்களில் வாசலிலேயே பலகை தொங்கும், பார்த்திருப்பீர்கள். கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று இங்கே சொல்லப்படாது, கேட்பதும் குற்றம் என்று. இங்கே அதைச் சொல்வதற்கென்றே தனி அறை, தனிக் கட்டணம். ஹெலன் ஒரு சீட்டில் எழுதி மடித்து என்னிடம் தருவாள். நான் உள்ளே போய் அதற்கேற்ற நிறத்துக் காகிதத் துணுக்குகளைக் கறுப்புப் பலூனுக்குள் போட்டு ஊதிக் கட்டிக் கொடுக்க வேண்டும். வெளியே குடும்பமே நிற்கும். ஊசியால் குத்துவார்கள். நீலமோ ரோஸோ பறக்கும். ஒரே கூச்சல்.

முதல் நாள் அந்தச் சீட்டைப் பிரிக்கும்போது கதவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டேன். யாரோ போலீஸ்காரர் பின்னால் நிற்கிற மாதிரி இருந்தது. துடைப்பம் வைக்கும் அறைக் கதவின் உட்பக்கம் திருச்செந்தூர் முருகன் படம் ஒன்று ஒட்டியிருக்கிறேன். "அப்பா, இங்க இது குத்தமில்லையாம். என்னை மன்னிச்சுக்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் ஊதினேன். இன்றைக்கும் அப்படித்தான்.

3

ஹெலனைப் பற்றி ஒன்று சொல்லாமல் மேலே போக முடியாது.

கட்டிலில் படுத்ததும் பெயர், பிறந்த தேதி, வீட்டு விலாசம் மூன்றையும் கேட்பாள். பத்து நிமிடத்துக்கு முன் வரவேற்பில் அதைத்தான் கேட்டிருப்பார்கள். மறுபடியும் கேட்பாள். பிறகு இப்படிச் சொல்வாள்: "இப்போது கொஞ்ச நேரம் நான் பேச மாட்டேன். பேசாமல் இருந்தால் கெட்டது என்று அர்த்தமில்லை. நான் அளந்துகொண்டிருக்கிறேன், அவ்வளவுதான்." ஒவ்வொருவரிடமும், ஒரு வார்த்தை மாறாமல் சொல்வாள். 'அர்ச்சகர் மந்திரம் சொல்கிற மாதிரி சொல்கிறாளே' என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் புரிந்தது. அந்த இருட்டறையில் படுத்திருக்கிற பெண்ணுக்குச் சத்தமில்லாத ஒரு நிமிடம் என்பது எவ்வளவு நீளம் என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

'இது படம் பார்க்கிற ஸ்கேன்தான், ஆஸ்பத்திரி ஸ்கேனுக்கு இது ஈடில்லை' என்றும் சொல்வாள். சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் பார்ப்பது போலவே பார்ப்பாள்.

ஒருமுறை ஒரு பெண் தன் அம்மாவையும் நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு பலூனுக்கு வந்தாள். நான் சீட்டை வாங்கி ஊதிக் கட்டிவிட்டேன். அதற்குள் ஹெலன் என்னவோ பார்த்திருக்கிறாள். கதவு திறக்கவில்லை. அவளே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுத்துப் பேசி, யார் பேசினார்கள் என்று பெயரைக் கேட்டு எழுதி, கையில் கடிதம் கொடுத்து, டாக்ஸி வந்து அந்தப் பெண் ஏறும்வரை வாசலில் நின்றாள். நான் உள்ளே பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். அதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. குத்தவும் மனசு வரவில்லை. கடைசியில் முடிச்சை அவிழ்த்துக் காற்றை மெல்ல மெல்ல இறக்கினேன். அந்தப் பெண் பிறகு என்ன ஆனாள் என்று எங்களுக்குத் தெரியாது. இந்த வேலையில் பாதிக்குப் பாதி தெரியாமலேதான் போகும்.

4

என் தங்கச்சி செல்விக்குக் கல்யாணமாகி எட்டு வருடம் பிள்ளை இல்லை. நடுவில் ஒன்று தங்கி, மூன்றாம் மாதத்தில் போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் வாயால் பிள்ளைப் பேச்சே எடுத்ததில்லை. சஷ்டி விரதம் மட்டும் விடாமல் இருந்தாள். நானும் இங்கே அவளுக்காக விரதம் இருந்தேன்.

போன வருடத்துக்கு முந்தின ஆவணியில் அம்மா போனில் அழைத்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன்.

"ஏலே, செல்வி முழுகாம இருக்காலே!"

பக்கத்தில் என் மகள் வள்ளி பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். பதின்மூன்று வயது. வள்ளி என்று நாங்கள் வைத்த பெயர் இங்கே பள்ளிக்கூடத்தில் 'வேலி' ஆகிவிட்டது. அவளும் யாராவது கேட்டால் வேலி என்றுதான் சொல்கிறாள். நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"அத்தை ஏன் குளிக்க மாட்டேங்கறாங்க? தண்ணி இல்லையா?"

அம்மா போனுக்குள்ளே சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "ஏளா வள்ளி, ஒங்க ஊர்ல மாசமா இருக்கதுக்கு என்னளா சொல்லுவாவ?" என்றாள். வள்ளி இங்கிலீஷில் 'பிரெக்னன்ட்' என்று சொன்னாள். "நல்லா இருக்கு, ஏதோ கெழங்கு பேரு மாதிரி" என்றாள் அம்மா. எனக்குச் சிரிப்போடு ஒரு சின்ன வலியும் வந்தது. முழுகாமல் இருப்பது என்றால் என்னவென்று என் மகளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். எப்போது சொல்வது, எந்தப் பேச்சில் சொல்வது? அந்தப் பேச்சே இங்கே வருவதில்லை.

ஏழாம் மாதம் வளைகாப்பு போட்டு செல்வியை ஆத்தூருக்குக் கூட்டி வந்தார்கள். அவள் வீட்டுக்காரர் சாகுபுரத்தில் ஆலையில் ஷிப்ட் வேலை. வேலை முடிந்து நேரே மாமியார் வீட்டுக்கு வந்துவிடுவார். நல்ல மனிதர். கொஞ்சம் அவசரக்காரர்.

ஒன்பதாம் மாதம் பிறந்து சில நாளில் தூத்துக்குடியில் ஒரு தனியார் ஸ்கேன் சென்டருக்குப் போய் வந்தார்கள். பார்க்கிற டாக்டரம்மா அங்கேதான் எடுக்கச் சொல்லியிருந்தார். மறுநாள் அம்மா ஒரு காரியம் சொன்னாள். மெதுவான குரலில், யாரோ கேட்டுவிடுவார்கள் என்பது போல.

"ஏலே, ஒங்க ஆபீஸ்ல ஒரு வெள்ளக்காரி பாத்துச் சொல்லுவாளாமே. படத்த அனுப்பச் சொல்லட்டா?"

"அம்மா, அது தப்பும்மா."

"தப்புன்னா அவ எதுக்குப் பலூன் விடுதா? எனக்கு எதுனாலும் சந்தோசந்தாம்லே. பேரு யோசிக்கதுக்குத்தான் கேக்கேன்."

நான் வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எட்டு வருடம் காத்திருந்த வீடு. எனக்கும் ஆசைதான். உள்ளதைத்தான் எழுத வேண்டும்.

5

மறுநாள் காலை கிளினிக்கில் கதவு திறந்து விளக்குப் போடும்போதே மாப்பிள்ளை அனுப்பிய படங்கள் வந்துவிட்டன. நான்கைந்து கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில் மூக்கும் உதடும் தெரிந்தன. எங்கள் அப்பாவின் மேலுதடு. நான் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஹெலன் காபிக் கோப்பையோடு வந்தாள். நான் போனை நீட்டினேன். என் இங்கிலீஷில் சொன்னேன்: என் தங்கை, இந்தியா, பையனா பெண்ணா.

அவள் போனை வாங்கவே இல்லை. "உங்கள் நாட்டில் அதற்குச் சட்டம் இருக்கிறதல்லவா? நான் சொல்ல மாட்டேன்" என்றாள். "மேலும், இன்னொருவர் எடுத்த ஸ்கேனைப் போனில் பார்த்து எதையும் சொல்லக் கூடாது. எதையும்." கோபமாகச் சொல்லவில்லை. ஆனாலும் எனக்கு முகம் சுருங்கிவிட்டது. பள்ளிக்கூடத்தில் காப்பியடித்து மாட்டிக்கொண்ட மாதிரி.

போனை உள்ளே வைக்கப் போகும்போது விரல் பட்டு அடுத்த படம் வந்தது. அது ஸ்கேன் படம் இல்லை. நாலாக மடித்துப் பிரித்த ஒரு தாள். ஓரத்தில் திருநீறு ஒட்டியிருந்தது. எல்லாம் இங்கிலீஷ் எழுத்து. கடைசியில் ஒரு வரி மட்டும் பெரிதாக, அடிக்கோடு போட்டு இருந்தது.

ஹெலனின் கண் அந்த வரியில் விழுந்துவிட்டது. கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இது நான் சொல்வது இல்லை. அந்த டாக்டர் எழுதியிருப்பதைப் படிக்கிறேன். குழந்தையைச் சுற்றியுள்ள நீர் குறைவாக இருக்கிறது. இன்றே உங்கள் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள் என்று எழுதியிருக்கிறார். தேதி முந்தாநாள். உங்கள் தங்கை பார்த்தாரா?"

"தெரியாது" என்றேன்.

"தெரியாது என்பது பதில் இல்லை" என்றாள் ஹெலன். "இப்போதே கேளுங்கள். முதல் ஆளின் கட்டிலை நான் விரித்துக்கொள்கிறேன்."

6

துடைப்பம் வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தி மாப்பிள்ளைக்குப் போட்டேன். ஆலைக்குள் இருந்தார். இரைச்சல்.

"மாப்ளே, அந்த எழுத்துத் தாள டாக்டரம்மாட்ட காட்டியாச்சா?"

"எந்தத் தாளு அத்தான்? ஓ, அதுவா. அது முருகன் படத்துக்குப் பின்னால இருந்துச்சு. திருநீறு எடுக்கும்போது பாத்தேன். செல்வி என்னமோ வேண்டிக்கிட்டு வச்சிருக்கா போலன்னு அதையும் சேத்து ஒரு போட்டோ எடுத்து விட்டேன். ஏன் அத்தான், அதுல எழுதியிருக்கா, ஆம்பளையா பொம்பளையான்னு?"

"நீங்க வாசிக்கலியா?"

"ஷிப்டுக்கு நேரமாச்சுல்லா. படம் இருக்க பக்கம்தான் பாத்தேன்."

அவரிடம் விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. வெட்டிவிட்டு செல்விக்குப் போட்டேன்.

"செல்வி, அந்த எழுத்துத் தாள டாக்டரம்மாட்ட காட்டினியா?"

"எந்தத் தாளுண்ணே?"

"முருகன் படத்துக்குப் பின்னால வச்சிருந்தியே, அது."

பின்னால் எங்கோ குக்கர் விசில் மட்டும் கேட்டது.

"அது ஒனக்கு எப்படிண்ணே வந்துச்சு?"

"ஒம் வீட்டுக்காரர் அனுப்பிட்டாரு."

"கூறுகெட்ட மனுசன்."

"ஏளா, காட்டினியா இல்லியா?"

"திங்கக்கெழம போவோம்லா. அப்பம் பாத்துக்கிடலாம்னு…"

"அதுல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமாளா?"

"தெரியும்."

"என்ன?"

"மாலை" என்றாள். சொன்னதும் அழுகை உடைந்துவிட்டது. "பிள்ள மாலை சுத்தியிருக்குண்ணே."

நம் ஊர்க்காரர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. ஆனால் என் மகளைப் போன்ற பிள்ளைகளும் ஒருநாள் இதைப் படிக்கலாம். கர்ப்பத்தில் தொப்புள்கொடி பிள்ளையின் கழுத்தைச் சுற்றிக் கிடந்தால் மாலை சுற்றி இருக்கிறது என்போம். மாலை சுற்றிப் பிறந்த பிள்ளை மாமனுக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. மாமன் என்றால் தாயோடு பிறந்தவன். செல்வியோடு பிறந்தவன் நான் ஒருவன்தான்.

அவள் அழுகையோடு சொன்னது இது. ஸ்கேன் எடுக்கும்போது டாக்டர் திரையைப் பார்த்து இங்கிலீஷில் சொல்லச் சொல்ல, ஜெயா என்று ஒரு அட்டெண்டர் அக்கா தட்டச்சு செய்துகொண்டிருந்திருக்கிறாள். செல்வி மிரண்டு போய்ப் படுத்திருக்கிறாளே, சிரிக்க வைப்போம் என்று நினைத்து, "ஒங்க பிள்ள இப்பமே மாலையப் போட்டுக்கிட்டுக் கல்யாணத்துக்கு நிக்குது பாருங்கக்கா" என்று சொல்லியிருக்கிறாள். அதற்குப் பிறகு டாக்டர் என்னென்னவோ சொன்னாராம். செல்விக்கு ஒன்றும் காதில் விழவில்லை. அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

"நேத்து சாயங்காலம் அங்கேருந்து போன் வந்துச்சு. இன்னைக்குக் காலைலயும் வந்துச்சு. நான் எடுக்கல. எடுத்தா அம்மை என்ன ஏதுன்னு கேப்பா. மாலைன்னு தெரிஞ்சா அவ உசுரு போயிரும். நீ வேற கடல் தாண்டிக் கெடக்க. அதான் முருகன்ட்ட குடுத்துட்டேன், நீயே பாத்துக்கோன்னு."

கதவின் உட்பக்கத்தில் அதே முருகன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எட்டு வருடம் தவம் கிடந்தவள், என் உயிருக்குப் பயந்து தன் பிள்ளையின் தாளை மறைத்திருக்கிறாள். நான் வெளியே கேட்காதபடி வாயைப் பொத்திக்கொண்டேன்.

"செல்வி, நான் சொல்லுதத கேளு. நம்ம கொடிக்கால்ல அகத்தியச் சுத்தாத கொடிய நீ பாத்திருக்கியா?"

"…இல்ல."

"கொடின்னா சுத்தத்தாம்ளா செய்யும். சுத்துனதால எந்தக் கொடியாவது பட்டுப்போச்சா?"

"இல்ல."

"எப்பம்ளா பட்டுப்போவும்?"

அவளும் அப்பாவின் மகள்தானே. "தண்ணி கொறஞ்சா" என்றாள்.

"அந்தத் தாளுல எழுதியிருக்கது அதுதாம்ளா. மாலை இல்ல. தண்ணி. பிள்ளையச் சுத்தி இருக்க தண்ணி கொறஞ்சிருக்காம். அன்னைக்கே டாக்டரம்மாவப் பாக்கச் சொல்லி அடியில கோடு போட்டு எழுதியிருக்காவ."

அவள் மறுபடி அழத் தொடங்கும் முன் நானே கேட்டேன்.

"பிள்ள அசையுதாளா?"

"நேத்துலேருந்து கொஞ்சம் கம்மிண்ணே. ஒறங்குதுன்னு நெனச்சேன்."

"இப்பமே கெளம்பு. அந்தத் தாள எடுத்துக்கோ."

"அம்மைட்ட என்ன சொல்ல?"

"தண்ணின்னு சொல்லு. அதானளா நெசம்."

7

பக்கத்து வீட்டுக் காரில் அம்மாவும் செல்வியும் தூத்துக்குடிக்குக் கிளம்பினார்கள். காரில் ஏறியதும் அவளே ஸ்கேன் சென்டருக்குத் திருப்பிப் போன் போட்டிருக்கிறாள். எடுத்தது ஜெயா. "எங்கக்கா போனிய, நேத்துலேருந்து ஒங்களத்தான் தேடுதோம்" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் ஸ்கேன் டாக்டரையே போனில் பேச வைத்துவிட்டாள். இவர்கள் போய்ச் சேரும்போது கட்டில் தயாராக இருந்திருக்கிறது. இதையும் எழுதத்தான் வேண்டும். தப்பை மட்டும் எழுதினால் அது பாதிக் கதை.

எனக்கு இங்கே அன்றைக்கு ஒரு பலூன் இருந்தது. ஊத மூச்சு வரவில்லை. இரண்டு முறை பாதியில் நழுவிப் பறந்துவிட்டது. ஹெலன் எட்டிப் பார்த்தாள். பலூனை வாங்கி அவளே ஊதிக் கட்டினாள்.

மத்தியானம் இரண்டு மணியைத் தாண்டி மாப்பிள்ளையின் போன்.

"அத்தான், ஆபரேசன் பண்ணிட்டாவ. பொம்பளப் பிள்ள. எடை கொஞ்சம் கம்மி. ஆனா சத்தம் இருக்கு பாருங்க, ஆலைச் சங்கு தோத்துச்சு. செல்வி நல்லாருக்கா." பிறகு அந்த மனிதர் அழுதார். "அந்தத் தாள நான் வாசிச்சிருக்கணும் அத்தான்."

"நீங்கதான மாப்ளே அனுப்புனிய" என்றேன். செல்வி முருகனிடம் கொடுத்தாள், முருகன் அவர் கையில் கொடுத்து எனக்கு அனுப்பினார். எனக்கு அப்படித்தான் தோன்றியது, இன்றும் அப்படித்தான். ஆனால் அதை நினைத்து நினைத்து இன்னொன்றும் தோன்றியது. அந்தத் தாள் ஒரு டாக்டரிடமிருந்து இன்னொரு டாக்டருக்குப் போக வேண்டியது. நடுவில் அதைச் சுமந்தவர்கள் எல்லாரும் அதை வாசிக்க முடியாதவர்கள், அல்லது வாசிக்க நேரமில்லாதவர்கள். முருகன் எத்தனை தாளுக்குத்தான் தபால்காரன் வேலை பார்ப்பார்?

ஹெலனிடம் போய்ச் சொன்னேன். அவள் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "பெண்" என்றேன். "அதை மட்டும் நான் கேட்கவில்லை" என்று சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

8

ஆஸ்பத்திரி டாக்டரம்மா அம்மாவிடம் எல்லாவற்றையும் விளக்கிவிட்டார். கழுத்தில் ஒரு சுற்று இருந்தது, தொளதொளவென்று கிடந்தது, ஒரு விரலால் எடுத்துவிட்டேன், எத்தனையோ பிள்ளைகளுக்கு இருக்கும். தண்ணீர்தான் பயமுறுத்தியது, திங்கள்கிழமைவரை விட்டிருந்தால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று.

செல்வி பயந்தபடி அம்மாவின் உயிர் போகவில்லை. எனக்கு வீடியோவில் வந்து திட்டினாள்.

"ரெண்டு பேரும் சேந்து எங்கிட்டயே மறைச்சியளா? மாலைன்னா எனக்குத் தெரியாதா? ஏலே, நீயே மாலை சுத்திப் பெறந்தவன்தாம்லே!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தாறு வயதில் இதைக் கேள்விப்படுகிறேன்.

"அப்படின்னா ஒந் தம்பி, ஏரல் மாமா?"

"அவனுக்கென்ன, கல்லு மாதிரி இருக்கான். இன்னைக்கும் சந்தையில வாழத்தார இறக்கிக்கிட்டுத்தான இருக்கான்."

"அப்பம் அது சும்மா பேச்சுதானம்மா?"

"சும்மாவா? எண்ணெயில ஒம் மொகத்தப் பாத்தான்லே. அதனாலதான் இருக்கான்."

இதற்கு மேல் வாதாட எனக்குப் படிப்பு காணாது. மாலை சுற்றிய பிள்ளையின் முகத்தை மாமன் நேரடியாகப் பார்க்கக் கூடாது, முதலில் நல்லெண்ணெயில் விழும் நிழலைப் பார்த்துவிட்டால் தோஷம் இல்லை என்பது முறை. அதுவரை ஒரு போட்டோகூட எனக்கு அனுப்பக் கூடாது என்று மாப்பிள்ளைக்கு உத்தரவு. அந்த மனிதர் பாவம், இந்த முறை எதையும் அனுப்பவில்லை.

"அம்மா, நான் ஏற்கெனவே ஸ்கேன் படத்துல பாத்துட்டேனே" என்று உண்மையைச் சொன்னேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "அது உள்ள இருக்கும்போது பாத்தது. வெளிய வந்தபெறகுதான் கணக்கு" என்றாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து பிள்ளை வீட்டுக்கு வந்த மறுநாள் அதைச் செய்தார்கள். இங்கே காலை நேரம், பள்ளி விடுமுறை. வள்ளியும் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு பார்த்தாள். அங்கே வெண்கலத் தட்டில் நல்லெண்ணெய். செல்வி பிள்ளையைத் தட்டுக்கு மேலே சாய்த்துப் பிடிக்க, போனைக் கீழ்ப்பக்கமாகக் காட்ட வேண்டும். மாப்பிள்ளை கை ஆட ஆட எண்ணெயில் மின்விசிறி தெரிகிறது, டியூப் லைட் தெரிகிறது, அம்மாவின் மூக்குத்தி தெரிகிறது, பிள்ளை மட்டும் தெரியவில்லை.

"எனக்கு ஒம் மூக்குத்திதாம்மா தெரியுது."

"அதுக்குத் தோசம் இல்ல. இன்னும் கொஞ்சம் எறக்குங்க மாப்ளே!"

நெட் நின்று நின்று வந்தது. எங்கும் சதுரம் சதுரமாக உடைந்து, பிறகு சட்டென்று தெளிந்தது. எண்ணெயில் ஒரு முகம். கண் மூடி, உதடு குவித்து. அப்பாவின் மேலுதடு. அதற்குப் பின்னால் குனிந்து நின்ற செல்வியின் முகமும் விழுந்திருந்தது. அவள் பிள்ளையைப் பார்க்கவில்லை. போனில் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்று.

"நல்லாருக்கேன்ளா" என்றேன்.

வள்ளி காதருகில் கேட்டாள்: "அப்பா, இதுவும் ஸ்கேனா?"

ஆமாம் என்றேன். வேறென்ன சொல்ல? எங்கள் கிளினிக்கிலும் இருட்டில், வழவழப்புக்கு நடுவில், அசையும் நிழலைப் பார்த்துத்தான் எல்லாரும் அழுகிறார்கள். ஒன்றில் அளவு இருக்கிறது, மற்றதில் ஆசை இருக்கிறது. அளவு சொல்வதை மறைக்காத வரைக்கும் ஆசைக்கு ஒரு தட்டு எண்ணெய் வைப்பதில் தப்பில்லை என்று எனக்குப் படுகிறது. ஹெலனிடம் இதைச் சொன்னேன். அவள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "அந்த எண்ணெய் சூடாக இல்லைதானே?" என்று மட்டும் கேட்டாள். அவள் புத்தி அப்படி.

9

பெயர் வைக்கும் உரிமையைச் செல்வி எனக்குக் கொடுத்தாள். நான் யோசிக்கவே இல்லை. சொன்னதும் அம்மா, "ஏலே, ஊர்ல வேற பேரே இல்லியா?" என்று கத்தினாள். மறுநாள் அவளே அந்தப் பெயரைச் சொல்லிக் கொஞ்சிக்கொண்டிருந்ததாக மாப்பிள்ளை சொன்னார்.

ஒரு மாதம் கழித்து ஸ்கேன் சென்டரிலிருந்து செல்விக்குப் போன் வந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்தவர்களுக்குப் பிள்ளை எப்படிப் பிறந்தது என்று கேட்டு எழுதி வைப்பார்களாம். பேசியது ஜெயாதான். எடை, தேதி எல்லாம் கேட்டிருக்கிறாள். செல்வி எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அன்றைக்குத் தான் ஏன் போனை எடுக்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறாள்.

"யக்கா, ஒங்கள சிரிக்க வைக்கணும்னுதான் சொன்னேன். அந்த வார்த்த என் வாயில வந்திருக்கக் கூடாது" என்றாளாம் ஜெயா. இப்போது அங்கே கொடி சுற்றியிருந்தால் டாக்டரே நேரில் விளக்குகிறாராம். அவசரமான தாளாக இருந்தால் மேலே சிவப்பு மையில், தமிழில், 'இன்றே காட்டவும்' என்று முத்திரை குத்துகிறார்களாம். செல்வி சொல்லித்தான் அப்படி ஆனதா, முன்பே நினைத்திருந்தார்களா, எனக்குத் தெரியாது. சொல்லும் ஒரு கருவிதான், அதையும் ஒவ்வொரு ஆளுக்கும் துடைத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும் என்று மட்டும் இந்த வேலையில் நான் கற்றுக்கொண்டேன்.

அடுத்த மாதம் லீவு சொல்லியிருக்கிறேன். தாளில் காரணம் எழுத ஒரு கட்டம் இருந்தது. மருமகளுக்குத் திருச்செந்தூரில் முடி இறக்கிக் காது குத்த வேண்டும், அதற்கு மாமன் மடி வேண்டும் என்பதை அந்தக் கட்டத்துக்குள் எப்படி எழுதுவது? வள்ளிதான் எழுதிக் கொடுத்தாள். அவள் எழுதிய இங்கிலீஷைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'ஒரு குழந்தை என் அப்பாவின் மடியில் உட்கார வேண்டியிருக்கிறது.' கேள்வி கேட்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

ஸ்கேன் சென்டரிலிருந்து வந்த அந்தப் போனில் கடைசியாக ஜெயா, "பிள்ளைக்கு என்ன பேருக்கா வச்சிருக்கிய?" என்று கேட்டிருக்கிறாள்.

"மாலா" என்றாளாம் செல்வி. "எங்கண்ணன் வச்சது."